வெந்நீர் ஊற்றுக்கு ஓர் ஒத்திகை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்கு எழுதுவது,

ஊரே தூங்குகிற நேரத்தில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதற்கு மன்னித்துக்கொள். காலையில் கைபேசியைத் திறந்து, கடிதம் வந்த நேரத்தைப் பார்த்து, என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் சௌக்கியம். பாப்பாவுக்கு மேல்வரிசையில் இன்னொரு பல் எட்டிப் பார்க்கிறது. மாமா நடைப்பயிற்சி, இவர் வேலை, நான் கவலை என்று அவரவர் தொழிலை அவரவர் குறைவில்லாமல் செய்துவருகிறோம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். "மொதல்ல மூச்சு விடு" என்பாய். நான் மூச்சு விடுகிற இடைவெளியில் நீயே ஒரு முடிவு எடுத்து, போனையும் வைத்துவிடுவாய். எழுத்தில் அந்த ஆபத்து இல்லை, நீ கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம், எங்கள் கல்யாண நாளுக்கு நீ கொடுத்த பரிசு பற்றியது. காட்டுக்குள் வெந்நீர் ஊற்று, அதன் பக்கத்தில் மரத்தால் கட்டிய குடில், வருகிற சனியும் ஞாயிறும் தங்கல், இரண்டே பேர். கூடவே நீ அனுப்பிய குரல்செய்தியை இவர் சத்தமாகப் போட்டு வீட்டுக்கே கேட்க வைத்தார். "இங்க பாரு, பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டுப் போய் இறங்கினே, வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசி எவ்வளவு நாளாச்சு?" ஒரே பார்வையில் ஆஸ்பத்திரி வார்டையே அடக்குகிற தலைமை நர்ஸ் நீ, உன் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு ஏது? நீ சொன்னதிலும் தப்பில்லை. பாப்பா பிறந்த பிறகு நாங்கள் பேசிக்கொள்கிற காதல் வசனமெல்லாம் 'பாட்டில் கழுவியாச்சா', 'டயப்பர் தீந்துபோச்சு', 'ஷ்ஷ்ஷ்' என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். அதிலும் மூன்றாவதைத்தான் அதிகம் பேசுகிறோம்.

இவருக்கு முதலில் அந்தப் பரிசு பிடிக்கவில்லை. கீசர் ரிப்பேர் செய்கிற மனிதரை வெந்நீர் ஊற்றுக்கு அனுப்புவது, தபால்காரரை லீவில் நடந்துவிட்டு வரச் சொல்வது மாதிரி இல்லையா? "ஊர்ல பாதிப் பேர் வெந்நீர் வரலன்னு கூப்பிடறான், மீதிப் பேர் வெந்நீர் நிக்கலன்னு கூப்பிடறான். லீவுக்கும் வெந்நீரா?" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கே, பாப்பாவைத் தோளில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டே, அந்த ஊற்றின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தேடறீங்க என்றேன். "பைப்பைத் தேடறேன். பைப்பே இல்லடி! தெர்மோஸ்டாட் கிடையாது, ஃபியூஸ் கிடையாது, சும்மா தானா வருது பாரேன்" என்றார். பாப்பாவைப் பிரசவ அறையில் முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அந்த முகத்தைப் பார்த்தேன், அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். மறுநாளிலிருந்து எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் ஊற்றுப் பேச்சுத்தான். நீச்சலுக்கென்று மஞ்சள் நிறத்தில் கிளிப்படம் போட்ட அரைக்கால் சட்டை ஒன்று வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் இங்கும் அங்குமாக நடந்து பழகினார். மாமா செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்தி, பார்த்துவிட்டு, மறுபடி உயர்த்திக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? வேதியியலில் எம்.எஸ்ஸி. வாங்கியவள், ஊற்று நீரில் கலந்து வருகிற கந்தகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். விடுதிக்குப் போன் போட்டேன். வரவேற்பில் இருக்கிற பெண் ரொம்பத் தன்மையானவள், இப்போது என் குரலைக் கேட்டதும் "சொல்லுங்க, பாப்பாவோட அம்மா" என்கிற அளவுக்குப் பழகிவிட்டாள். தண்ணி எவ்வளவு சூடா இருக்கும் என்று கேட்டேன். "இதமா இருக்கும் மேடம்." இதம்னா எத்தனை டிகிரி? "இறங்கினா தெரியும் மேடம்." திடீர்னு சூடு ஏறிட்டா யார் குறைப்பாங்க? "மேடம், அது பூமிக்குள்ளேர்ந்து வருது." அதைத்தான் கேக்கறேன், யாரு கண்ட்ரோல் பண்றா? ஏதோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மேனேஜர் லீவுல இருக்கார் மேடம்" என்றாள். காட்டுப்பன்றி வருமா என்று கேட்டேன். "எப்பவாச்சும் வரும் மேடம், ஆனா ரூம் கேக்காது" என்றாள். டவர் கிடைக்குமா என்றதற்கு, குடிலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி, கையைத் தூக்கி நின்றால் ஒரு கோடு கிடைக்கும் என்றாள். அப்படியென்றால் நான் தண்ணீரில் இருக்கும்போது இவர் மேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும், இவர் தண்ணீரில் இருக்கும்போது நான். இதற்கா இரண்டு பேரும் ஒன்றாகப் போவது? அதை அவளிடமே கேட்டேன். "மேடம், பாப்பாவை யார் பாத்துக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். என் மாமனார் என்றேன். "அவர் என்னவா இருந்தார்?" ஜெயில் வார்டர் என்றேன். "அப்ப நீங்க எதுக்கு மேடம் கவலைப்படறீங்க?" என்றாள்.

அவளுக்கென்ன தெரியும். உனக்குத்தான் மாமாவைத் தெரியுமே. அத்தை போன பிறகு இந்த வீட்டில் அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். ஆனால் சிறையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, சிறை அவரிடமிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. காலையிலும் சாயங்காலத்திலும் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார். பாப்பாவைக் 'கைதி' என்றுதான் கூப்பிடுவார், கட்டிலுக்குத் தடுப்பு போட்டதிலிருந்து அந்தப் பெயர். "நீங்க தாராளமா போய்ட்டு வாங்கம்மா. என் டூட்டியில ஒருத்தன் தப்பிச்சதில்ல" என்று மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். தப்பிச்சுடுவாளோன்னு இல்ல மாமா, அழுவாளோன்னுதான் என்றேன். "அழாத கைதி ஏது? மொத நாள் அழுவாங்க. ரெண்டாம் நாள் சோறு சரியில்லன்னு கத்துவாங்க. மூணாம் நாள் பழகிடுவாங்க." நாங்கள் போவதே இரண்டு நாளுக்குத்தான் என்பதால், இந்த ஆறுதலில் பாதிதான் எனக்குப் பயன்பட்டது.

இருந்தாலும் ஏற்பாடுகளை ஆரம்பித்தேன். வீடு முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டினேன். பால் டப்பாவில் 'குலுக்கிய பின் சூடு பார்க்கவும்', குளியலறைக் கதவில் 'எப்போதும் சாத்தவும்', மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் 'இதை அவளிடம் கொடுக்க வேண்டாம்', தொலைக்காட்சிப் பெட்டியில் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. அன்று சாயங்காலமே பாப்பா எதையோ மென்றுகொண்டிருந்தாள். விரலை விட்டு எடுத்துப் பிரித்துப் பார்த்தால், 'எதையும் வாயில் வைக்க விடாதீர்கள்' என்று என் கையெழுத்து. இவர் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்து எங்களை எண்ணினார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சோதனைச் சாலையில் எதையும் நேரடியாகப் பெரிய குடுவையில் செய்ய மாட்டோம், முதலில் சின்னக் குழாயில் செய்து பார்ப்போம். அதே மாதிரி ஓர் ஒத்திகை. இன்றைக்குப் பகலில் பையும் கையுமாகக் கிளம்பி, பாப்பாவுக்கு டாட்டா காட்டி, படி இறங்கிப் போகிற மாதிரி போய், சத்தமில்லாமல் திரும்பி மேல்மாடித் தையல்காரம்மா வீட்டில் சாயங்காலம் வரை இருந்துவிடுவது. என்ன நடக்கிறது என்று பார்ப்பது. மாமாவிடம் ஒரு வேலையாகப் போய்ச் சாயங்காலம் வருகிறோம் என்பதற்கு மேல் சொல்லக்கூடாது. சொன்னால் அது ஒத்திகை ஆகாது. இவரிடம் சொன்னேன். "ஒண்ணு செய், நீ மட்டும் ஒத்திகை பாரு, நான் நேரா ஊற்றுக்கே போய்டறேன்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு பைகளோடு கிளம்பினோம். பாப்பா மாமா தோளிலிருந்து கையை ஆட்டினாள், அவளுக்கு யார் போனாலும் சந்தோஷம்தான். கீழே தெருமுனை வரை போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதவை நாங்களே திருடர்கள் மாதிரி நுனிக்காலில் தாண்டினோம். அங்கே இவர் கையிலிருந்த டூல்பாக்ஸ் 'கிணிங்' என்றது. ஒத்திகைக்கு எதுக்குங்க டூல்பாக்ஸ் என்று கிசுகிசுத்தேன். "ஊற்றுக்கே எடுத்துட்டுப் போகப்போறேன், ஒத்திகைக்கு எடுக்க மாட்டேனா?" என்று அவரும் கிசுகிசுத்தார். ஊற்றில் எதை ரிப்பேர் செய்யப்போகிறார் என்று கேட்கிற நேரமில்லை அது.

தையல்காரம்மா நல்ல மனுஷி. கத்தரித்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். நான் தரையில் படுத்து, பாப்பாவின் அறை எங்கே வரும் என்று கணக்குப் பார்த்து, காதைத் தரையோடு வைத்துக்கொண்டேன். இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒத்திகைன்னா முழுசாத்தான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மஞ்சள் கிளிச்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் பிடித்து, அதில் காலை வைத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். தரையில் கவிழ்ந்து படுத்திருக்கும் என்னைப் பார்த்தாள். தொட்டியில் காலோடு கண்மூடிச் சிரிக்கும் இவரைப் பார்த்தாள். "நான் அப்புறம் வரேங்க" என்று போய்விட்டாள். தையல்காரம்மா பின்னாலேயே ஓடினார், "இவங்க டூர் வந்திருக்காங்கம்மா, நீ வா" என்று. அவள் இன்னும் வேகமாகப் போனாள்.

முதலில் கீழே ஒரு சத்தமும் இல்லை. அக்கா, குழந்தை அழுகிற சத்தத்தைக்கூடத் தாங்கிவிடலாம், குழந்தை இருக்கிற வீட்டில் சத்தமே இல்லை என்றால் அதை எப்படித் தாங்குவது? என் பையைத் திறந்தேன். இவர் எட்டிப் பார்த்து, "இந்தக் கிலுகிலுப்பை யாருக்கு?" என்றார். எனக்கு என்றேன். கிலுகிலுப்பைக்கு அடியில் பாப்பா நேற்றுப் போட்டிருந்த சின்னச் சட்டை இருந்தது. அதை நான் மோந்து பார்த்ததை இவர் பார்க்காத மாதிரி தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கீழே மிக்ஸி ஓடத் தொடங்கியது. சாதாரணமாகத் திருகி நிறுத்துகிற ஓட்டமில்லை, ஒரே மூச்சாக நிற்காமல் ஓடுகிறது. மத்தியானச் சாப்பாட்டை நான் காலையிலேயே செய்துவைத்துவிட்டேன், வீட்டில் அரைக்க ஒன்றுமே கிடையாது. எதை அரைக்கிறார் மாமா? எனக்குத் தோன்றியதையெல்லாம் இங்கே எழுதினால் நீ என்னை உன் வார்டிலேயே சேர்த்துவிடுவாய். எழுந்து ஓடப் பார்த்தேன், இவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "நாம இப்ப எங்க இருக்கோம்? காட்டுல இருக்கோம். காட்டுலேர்ந்து மிக்ஸி சத்தம் கேக்குமா?" என்றார். மிக்ஸி நின்றது. உடனே பாப்பா கலகலவென்று சிரிக்கிற சத்தம். அதற்கப்புறம் சாயங்காலம் வரை சிரிப்பும், பாத்திரம் தட்டுகிற சத்தமும், மாமா ஏதோ மெல்லிய குரலில் பேசுகிற சத்தமும்தான். அழுகை? மருந்துக்குக்கூட இல்லை. இதற்கிடையில் தொட்டித் தண்ணீர் ஆறிவிட, இவர் எழுந்துபோய் தையல்காரம்மா வீட்டு கீசரைத் திறந்து, தெர்மோஸ்டாட் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கிளிச்சட்டையோடேயே மாற்றியும் கொடுத்தார். அவருடைய விடுமுறை இனிதே கழிந்தது.

சாயங்காலம் எங்கள் வீட்டு மணியை அடித்தோம். கதவு திறக்க நேரமாயிற்று. மறுபடி அடித்தேன். உள்ளே ஏதோ உருண்டது. கடைசியில் மாமா திறந்தார், சட்டைப் பொத்தான்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறிப் போட்டிருந்தன, நெற்றியெல்லாம் வியர்வை. "ஏன் மாமா இவ்வளவு நேரம்?" என்றேன். "பார்வையாளர் நேரம் முடிஞ்சுபோச்சு, அதான்" என்றார். மிக்ஸியில என்ன அரைச்சீங்க என்றதற்கு, "சும்மா, கழுவறதுக்கு" என்று செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். நான் பையைப் போட்டுவிட்டு பாப்பாவை நோக்கி இரண்டு கையையும் விரித்தேன். ஓடி வருவாள், காலைக் கட்டிக்கொள்வாள், விம்முவாள், நான் தூக்கிக்கொண்டு நானும் விம்மலாம் என்று அந்தக் காட்சியை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்! அவள் என்னைப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள். 'அட, இவங்களா' என்கிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு, கையிலிருந்த கரண்டியால் தரையைத் தட்டப் போய்விட்டாள்.

"அவ பாஸ். எங்கப்பா பாஸ்" என்றார் இவர். "நீதான் அரியர்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். ஊற்றுக்குப் போகவேண்டாம் என்பதற்கு இவரிடம் நான் சொன்ன காரணம் வேறு. கந்தகம் தோலுக்கு ஒத்துக்காது என்றேன், மலைப்பாதை வளைவு எனக்குத் தலைசுற்றும் என்றேன், காட்டுப்பன்றி என்றேன், டவர் இல்லை என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, உனக்கு வேணாம்னா வேணாம்" என்று மஞ்சள் கிளிச்சட்டையை மடித்துப் பீரோவின் அடித்தட்டில், குளிர்காலத் துணிகளுக்கு அடியில், வைத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். மடித்து வைத்த விதம்தான் தாங்கவில்லை.

ஆனால் நீயே சொல்லு அக்கா. ஒரே ஒரு மூச்சு அழுதிருக்கக்கூடாதா? இத்தனை நாளாக, நான் இல்லாமல் முடியாது, நான் நகர்ந்தால் வீடு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு, குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்துக் குளிக்கிறேன். பகல் முழுக்க நான் இல்லை, அவளுக்கு அதுவே தெரியவில்லை. இப்படி இருக்கும்போது இரண்டு நாள் போய்விட்டுத் திரும்பினால், 'யாரும்மா நீ, யாரைப் பாக்கணும்' என்று கேட்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? அழுதால் எப்படி விட்டுப்போவது என்று இத்தனை நாள் பயந்தேன். அழவில்லை, இனி எப்படி விட்டுப்போவது என்று இப்போது பயமாக இருக்கிறது. எம்.எஸ்ஸி. படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று நீ கேட்பாய். இல்லைதான். படிப்பு வேறு, இது வேறு.

ஆகவே தீர யோசித்து எடுத்த முடிவு என்னவென்றால், நாங்கள் போகவில்லை. பதிவு உன் பெயரில் இருப்பதால், உறுதி செய்வதோ ரத்து செய்வதோ உன்னால்தான் முடியும் என்று வரவேற்புப் பெண் சொல்கிறாள். நாளை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டுமாம். தயவுசெய்து ரத்து செய்துவிடு. அல்லது நீயும் அத்தானும் போய்வாருங்கள், பன்றி விஷயத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உன் அன்பைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்காதே. பாப்பா வளர்ந்து பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் முடித்த பிறகு கட்டாயம் போவோம்.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவன் கணக்குப் பரீட்சையில் தேறவேண்டும், சின்னவன் மூக்கு ஒழுகாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அதற்கு ஊற்று வேண்டாம், வாளி போதும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும். உன் கையால் ஒரு குட்டு வாங்கத் தகுதியுள்ள,

உன் தங்கை

பி.கு.: அக்கா, மேலே எழுதியது எதையும் நம்பாதே. விடிந்துவிட்டது. கடிதத்தை அனுப்புவதற்குள் மேஜையிலேயே தூங்கிவிட்டிருக்கிறேன், கன்னத்தில் விசைப்பலகை அச்சு. எழுந்து துணி துவைக்கப் போடலாம் என்று கூடைகளைக் கவிழ்த்தால், மாமாவின் கூடையின் அடியில் என் பழைய பூப்போட்ட நைட்டி. நேற்றுக் காலை அவிழ்த்துக் குளியலறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனது. அது எப்படி அங்கே போயிற்று என்று எடுத்து உதறினால், தையல் இரண்டு பக்கமும் அக்குளில் பிரிந்திருக்கிறது, முதுகில் ஊக்கு போட்டிருக்கிறது, மார்பில் பாப்பா கக்கிய பால். கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மாமா காலை எண்ணிக்கைக்கு வந்து நின்றார். நைட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட எத்தனையோ பேரைப் பார்த்த மனிதர், தானே அப்படி நிற்பது இதுதான் முதல் தடவை போலிருக்கிறது.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சாம்மா. என்ன அழுகை! கதவைத் தட்டறா, உன் செருப்பு இருக்கற எடத்தைப் பாக்கறா, அம்மா அம்மான்னு வீடு பூரா தேடறா. கட்டிலுக்கு அடியிலகூடத் தேடினா. நீங்க மாடியில இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். டூல்பாக்ஸ் சத்தத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க மாட்டேனா, என் சர்வீஸே அதுதானே. இவ சத்தம் மேல கேட்டா நீ ஓடி வந்துடுவே, உன் பயணம் போச்சு. அதான் அவ வாயைத் தொறந்ததுமே மிக்ஸியில தண்ணிய ஊத்தி ஓட விட்டேன்." அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் கொக்கியில் இருந்த நைட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மீசையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாராம். வந்து மோந்து பார்த்தாளாம். மடியில் ஏறி, துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சிரித்தாளாம். சாயங்காலம் நாங்கள் மணியடிக்கிற வரை மாமா அப்படியேதான் இருந்திருக்கிறார். அதனால்தான் என்னைப் பார்த்ததும் அவள் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், அக்கா. வீட்டில் ஏற்கெனவே ஓர் அம்மா இருக்கும்போது இன்னொன்று எதற்கு வருகிறது என்று!

"இதை என் மகன்கிட்ட சொல்லிடாதேம்மா. உங்க அக்காகிட்ட சொல்லவே சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் மாமா என்று சத்தியம் செய்திருக்கிறேன், ஆகையால் இதைப் படித்தவுடன் மறந்துவிடு. போகும்போது திரும்பி நின்று, "நல்ல காத்தோட்டமா இருக்கும்மா அது. பக்கத்துல ஒரு பை வெச்சா இன்னும் வசதியா இருக்கும்" என்றார். தையல்காரம்மாவிடம் கொடுத்து அக்குளைத் தைத்து, மூக்குக்கண்ணாடி வைக்கிற அளவுக்கு ஒரு பையும் வைக்கச் சொல்லப்போகிறேன். துவைக்கப் போவதில்லை. வருகிற சனிக்கிழமைக்கு அது அப்படியே வேண்டும்.

ஆமாம், போகிறோம். அழுதாள் என்று தெரிந்த பிறகு எனக்கு என்ன கவலை? கட்டிலுக்கு அடியில்கூடத் தேடியிருக்கிறாள்! கந்தகம் தோலுக்கு ரொம்ப நல்லது, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பன்றி ரூம் கேட்காது. மேட்டில் இவர் பாதி நேரம், நான் பாதி நேரம் நின்றுகொள்வோம், இல்லாவிட்டால் இரண்டு பேருமாகவே நிற்போம், அப்படியாவது பேசிக்கொள்ளலாம். இவரை எழுப்பிச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலேயே எழுந்து போய்ப் பீரோவின் அடித்தட்டைத் திறந்தார், இப்போது கிளிச்சட்டையோடு பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் அழித்துவிட்டு ஒரு வரியில் 'வருகிறோம்' என்று அனுப்பியிருக்கலாம்தான், ஆனால் இவ்வளவு எழுதிய விரலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

விடுதிக்காரர்களுக்கு இன்று சாயங்காலத்துக்குள் உன்னிடமிருந்து தகவல் போகவேண்டும். ரத்து செய்துவிடாதே, உறுதி செய். செய்துவிட்டு எனக்கு உடனே பதில் போடு.